எந்தத் தேதியின் விதி? அமெரிக்க மத்திய அரசு விதிகளைத் தேடிப் படிக்கும் முறை

எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம் உண்டு என்பது அமெரிக்கத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாருக்கும் மனப்பாடம். எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டால்தான் பதில் வராது. இருக்கும் இடம் 8 சி.எஃப்.ஆர். 214.1(எல்)(2), அதாவது மத்திய அரசின் விதித் தொகுப்பில் 8-ஆம் தலைப்பு. ஒரே ஒரு பத்தி. அதைத் திறந்து படித்தால், வாய்மொழியாகச் சுற்றும்போது என்னென்ன உதிர்ந்துபோனது என்று தெரியும். 60 நாள், அல்லது அனுமதிக் காலம் முடியும் நாள், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரைதான். தொடர்ச்சியான நாள்கள், சனி ஞாயிறும் சேர்த்தி. ஒவ்வொரு அனுமதிக் காலத்துக்கும் ஒரு தடவைதான். வேறு அனுமதி இல்லாதவர் அந்த நாள்களில் வேலை பார்க்கக் கூடாது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை நினைத்தால் இந்த அவகாசத்தைக் குறைக்கலாம், இல்லாமலும் செய்யலாம். அனுமதி இன்னும் 20 நாளில் முடிகிறவருக்கு 60 நாள் என்பது 20 நாள்தான்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற கேள்விக்கு அந்தப் பத்தியில் பதில் இல்லை. வேலை முடிந்த மறுநாளிலிருந்து எண்ண வேண்டும், வேலை முடிந்த நாள் என்பது பொதுவாகச் சம்பளம் கொடுக்கப்பட்ட கடைசி நாள் என்பது குடியேற்ற விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் யு.எஸ்.சி.ஐ.எஸ். தன் இணையப் பக்கத்தில் தரும் விளக்கம். ஒரே கேள்விக்கு பாதிப் பதில் விதியிலும் மீதிப் பதில் வழிகாட்டுதலிலும் கிடக்கிறது. இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே எடை கிடையாது.

இங்கே வரும் உதாரணங்கள் பெரும்பாலும் குடியேற்றத் துறையைச் சேர்ந்தவை. தமிழ் வாசகர்களில் அதிகம் பேருக்குத் தேவைப்படுவது அதுதான். மருந்து இறக்குமதியோ வருமான வரியோ தொழிற்சாலைக் கழிவோ எதுவானாலும் தேடும் வழி இதேதான்.

சட்டம் ஓரிடம், விதி வேறிடம்

காங்கிரஸ் இயற்றுவது சட்டம். அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்துக்குள் நின்று துறைகள் எழுதுவது விதி. சட்டம் யு.எஸ். கோட் என்ற தொகுப்பில் இருக்கும். விதிகள் கோட் ஆஃப் ஃபெடரல் ரெகுலேஷன்ஸ், அதாவது சி.எஃப்.ஆர். தொகுப்பில் 50 தலைப்புகளாகப் பிரிந்து கிடக்கும். இரண்டிலும் தலைப்பு எண் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றுதான் என்று நம்பிவிடாதீர்கள். 8 இரண்டிலும் குடியேற்றம், 26 இரண்டிலும் வரி, 21 இரண்டிலும் உணவும் மருந்தும். ஆனால் சி.எஃப்.ஆரில் 40 என்பது சுற்றுச்சூழல், யு.எஸ். கோடில் 40 என்பது அரசுக் கட்டடங்கள்.

குடியேற்றத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. வழக்கறிஞர்கள் பெரும்பாலும் ஐ.என்.ஏ., அதாவது குடியேற்ற, குடியுரிமைச் சட்டத்தின் எண்ணைத்தான் சொல்வார்கள். ஐ.என்.ஏ. 214 என்பது யு.எஸ். கோடில் தலைப்பு 8, பிரிவு 1184. ஐ.என்.ஏ. 212 அங்கே 1182. சி.எஃப்.ஆரில் பாகங்களின் எண்கள் ஐ.என்.ஏ. எண்ணையே பின்பற்றுவதால் 214 என்றால் பாகம் 214. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

சி.எஃப்.ஆரின் ஒவ்வொரு பாகத்தின் தலையிலும் 'அதாரிட்டி' என்று ஒரு வரி இருக்கும். இந்த விதியை எழுதத் துறைக்கு எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது என்பதன் பட்டியல் அது. பொடி எழுத்து என்று எல்லாரும் தாண்டிப் போய்விடுவார்கள். விதியை எதிர்த்து வழக்குப் போடுகிற வக்கீல் முதலில் கை வைப்பது அந்த வரியில்தான். எதிர்த் திசையில், அதாவது ஒரு சட்டப் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு அதன் கீழ் என்ன விதிகள் உண்டு என்று தேட, சட்டப் பிரிவுகளையும் விதிப் பாகங்களையும் இணைத்துக் காட்டும் ஒரு நிகரட்டவணையை அரசே வெளியிடுகிறது. அரசு ஆவணங்களுக்கான கவ்இன்ஃபோ தளத்தில் கிடைக்கும்.

எண்ணைப் படிப்பதில் மூன்று பொறிகள்

214.2 என்பதில் உள்ள புள்ளி தசமப் புள்ளி அல்ல. 214 பாகம், 2 பிரிவு. அதனால் 214.14 என்பது 214.2-க்குப் பின்னால், 214.13-க்கும் அடுத்ததாக வரும். 214.1-க்கும் 214.2-க்கும் நடுவில் அதைத் தேடிவிட்டு, இல்லை என்று மூடிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

இரண்டாவது பொறி, உட்பிரிவுகளின் அடுக்கு. முதலில் சின்ன ஆங்கில எழுத்து, அடுத்து எண், அடுத்து சின்ன ரோமன் எண், அடுத்து பெரிய எழுத்து, அதற்கும் கீழே சாய்ந்த எண், கடைசியில் சாய்ந்த ரோமன். சின்ன 'ஐ' எழுத்தும் ரோமன் ஒன்றும் பார்வைக்கு ஒன்றேதான். 214.2(ஐ) என்றால் வெளிநாட்டு ஊடகக்காரர்களுக்கான விசா. எச் பத்திக்குள் எங்கோ வரும் ரோமன் ஒன்று அதற்குச் சம்பந்தமே இல்லாதது. நகலெடுத்து ஒட்டும்போது சாய்வெழுத்து போய்விட்டால் மூன்றாம் அடுக்கா ஆறாம் அடுக்கா என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் மேற்கோள் எழுதும்போது தலைப்பிலிருந்து கடைசி அடுக்குவரை முழுச் சங்கிலியையும் எழுதுங்கள்.

மூன்றாவது, மேலே சொன்ன 60 நாள் விதியிலேயே இருக்கிறது. அதில் உள்ள சின்ன 'எல்' எழுத்து பல எழுத்துருக்களில் எண் ஒன்று போலவே தெரியும். 214.1(1)(2) என்று தட்டிவிட்டு, அப்படி ஒரு பத்தியே இல்லையே என்று திகைப்பவர்களுக்கு இதுதான் காரணம்.

ஒரு கேள்வி, மூன்று துறைகள்

எச்1பி என்றால் தலைப்பு 8 மட்டும் போதும் என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. மனு, தகுதி, ஆறு ஆண்டு உச்சவரம்பு எல்லாம் 8 சி.எஃப்.ஆர். 214.2(எச்)-இல் இருப்பது சரி. சம்பளமும், சம்பளம், வேலை இடம் பற்றி முதலாளி தரும் உறுதிமொழியான எல்.சி.ஏ.வும் தொழிலாளர் துறையின் பொறுப்பு. அவை தலைப்பு 20, பாகம் 655-இல் எச், ஐ என்ற இரண்டு உட்பாகங்களில் இருக்கின்றன. தூதரகத்தில் விசா முத்திரை குத்துவது வெளியுறவுத் துறையின் வேலை, அது தலைப்பு 22, பாகம் 41. புராஜெக்ட் இல்லை என்று சம்பளத்தை நிறுத்திவிட்ட கம்பெனியைப் பற்றிய கேள்விக்கு தலைப்பு 8-இல் எவ்வளவு தேடினாலும் நேரான பதில் கிடைக்காது. பதில் 20 சி.எஃப்.ஆர். 655.731(சி)(7)-இல் இருக்கிறது: கம்பெனியிடம் வேலை இல்லை என்ற காரணத்துக்காகச் சம்பளத்தை நிறுத்த முடியாது, ஊழியர் தன் சொந்தக் காரணத்துக்காகக் கேட்டு விலகியிருந்தால் கணக்கு வேறு.

புராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பதை ஜனங்கள் 'பெஞ்ச்' என்பார்கள்; அந்த விதியை அப்படித் தட்டித் தேடினால் கிடைக்காது. விதி அதை 'உற்பத்தியற்ற நிலை' என்கிறது. அதேபோல 60 நாள் பத்தியில் 'கிரேஸ் பீரியட்' என்ற சொல் கிடையாது. ஜனங்கள் பேசும் பெயரை வைத்துத் தேடாமல், சட்டம் அந்த ஆளை, அந்த நிலையை எப்படிக் குறிக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அந்தச் சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள்.

தலைப்பு 8-க்குள்ளேயே இன்னொரு இரட்டைப் பிறவி உண்டு. 2003-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை தனியாகப் பிரிந்தபோது, குடியேற்ற நீதிமன்றங்கள் அரசின் நீதித் துறையிலேயே (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) தங்கிவிட்டன. அதனால் பல விதிகளை இரண்டு பிரதியாக்கி, நீதித் துறையின் பிரதிக்கு முன்னால் 1000-ஐக் கூட்டி எண் கொடுத்தார்கள். 208 பாகம் அங்கே 1208. இரண்டும் ஒரே மாதிரி தொடங்கினாலும் பிறகு தனித்தனியாகத் திருத்தப்பட்டு வந்திருக்கின்றன. வழக்கு நீதிபதி முன் இருக்கிறதா, யு.எஸ்.சி.ஐ.எஸ். அதிகாரியிடம் இருக்கிறதா என்று தெரியாமல் எந்தப் பிரதியைப் படிப்பது என்று முடிவு செய்ய முடியாது.

எந்தப் பாகத்தைப் படித்தாலும் வரையறைகளை முதலில் படியுங்கள். நாள் என்ற சாதாரணச் சொல்லுக்குக்கூட 8 சி.எஃப்.ஆர். 1.2-இல் வரையறை உண்டு: சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாம் கணக்கில் சேரும், கடைசி நாள் அப்படி ஒரு நாளில் விழுந்தால் மட்டும் அடுத்த வேலை நாள்வரை நீளும். நோட்டீஸ் தபாலில் வந்திருந்தால் 103.8(பி) மேலும் 3 நாள் கூட்டுகிறது. பதில் அனுப்பக் கடைசித் தேதியைக் கணக்கிடும்போது இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவர் ஒன்று வீணாகப் பதறுவார், அல்லது தாமதித்துவிடுவார்.

தேதிதான் முதல் கேள்வி

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு விதியின் வாசகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். உங்கள் கேள்விக்குப் பொருந்தும் நாளில் நடப்பில் இருந்த வாசகம் எது என்பதில்தான் ஆட்கள் வழுக்குகிறார்கள்.

சி.எஃப்.ஆருக்கு இரண்டு உருவங்கள். அதிகாரபூர்வமானது ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் பதிப்பு. அதுவும் 50 தலைப்புகளும் ஒரே நாளில் அல்ல: 1 முதல் 16 வரை ஜனவரி 1 நிலவரம், 17 முதல் 27 வரை ஏப்ரல் 1, 28 முதல் 41 வரை ஜூலை 1, 42 முதல் 50 வரை அக்டோபர் 1. ஆக ஒரே ஆண்டின் பதிப்பு என்றாலும் தலைப்பு 8 ஜனவரி நிலவரத்தையும் தலைப்பு 20 ஏப்ரல் நிலவரத்தையும் காட்டும். மற்றது ஈ.சி.எஃப்.ஆர். எனப்படும் இணையப் பதிப்பு. தினமும் புதுப்பிக்கப்படுவது, பக்கத்தின் மேலேயே எந்தத் தேதிவரை புதுப்பிக்கப்பட்டது என்று இருக்கும். அன்றாட வேலைக்கு இதைத்தான் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய ஆண்டுப் பதிப்பின் பி.டி.எஃப்., அல்லது விதிகள் முதலில் வெளியாகும் அரசு நாளேடான ஃபெடரல் ரிஜிஸ்டரின் பி.டி.எஃப். எடுத்துக்கொள்வது நல்லது.

ஈ.சி.எஃப்.ஆரில் பலர் தொடாத ஒரு வசதி, பழைய தேதிக்குப் போய்ப் பார்ப்பது. 2017 ஜனவரி முதல் எந்த நாளின் வாசகத்தையும் திறக்கலாம். இரண்டு தேதிகளை எதிரெதிரே வைத்து எது நீங்கியது, எது சேர்ந்தது என்றும் பார்க்கலாம். அதற்கு முந்திய நாள்களுக்கு, அந்த ஆண்டின் அச்சுப் பதிப்பை எடுத்து, அதற்குப் பின் கேள்விக்குரிய நாள்வரை வந்த திருத்தங்களை எல்.எஸ்.ஏ. என்ற மாதப் பட்டியலில் பார்த்துக் கையால் ஒட்ட வேண்டும். எரிச்சலான வேலை, ஆனால் வேறு வழி இல்லை.

இது ஏன் முக்கியம் என்பதற்கு 8 சி.எஃப்.ஆர். 274ஏ.13(டி) ஒன்றே போதும். வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்தவர், பழைய அட்டை காலாவதியான பிறகும் எத்தனை நாள் வேலையைத் தொடரலாம் என்று சொல்லும் பத்தி அது. எச்1பி-காரர்களின் எச்4 துணைவர்கள் பலருக்கு அன்றாடச் சோறு. 2017 ஜனவரி 17 முதல் 180 நாள். 2022 மே 4-இல் தற்காலிகமாக 540 நாள்வரை உயர்ந்தது. 2024 ஏப்ரல் 8-இல் இன்னொரு தற்காலிக விதி. 2025 ஜனவரி 13 முதல் 540 நாள் நிரந்தரம் என்று ஆனது. 2025 அக்டோபர் 30 அன்றோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்தவர்களுக்கு, சில விலக்குகள் தவிர, தானாக நீளும் வசதியே எடுக்கப்பட்டுவிட்டது. அக்டோபர் 29-இல் விண்ணப்பித்தவருக்கும் மறுநாள் விண்ணப்பித்தவருக்கும் ஒரே அலுவலகத்தில், ஒரே மாதத்தில் காலாவதியாகும் அட்டை இருந்தாலும், பதில் நேர் எதிர். இதில் ஆளும் தேதி விண்ணப்பம் சேர்ந்த தேதி. அட்டை முடியும் தேதியோ, நீங்கள் இணையத்தில் தேடும் தேதியோ அல்ல. போதாக்குறைக்கு எச்4-காரருக்கு ஐ-94 (நாட்டில் தங்கும் அனுமதிப் பதிவு) முடியும் நாளும் ஒரு எல்லை. 'நிரந்தர விதி' என்ற தலைப்போடு 2024 டிசம்பரில் எழுதப்பட்ட கட்டுரைகள் இன்னும் தேடலில் முதல் பக்கத்தில் வருகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்தத் தேதி ஆளும் என்பதை சி.எஃப்.ஆர். வாசகம் எப்போதும் சொல்லாது. அதைச் சொல்வது ஃபெடரல் ரிஜிஸ்டர்.

முகவுரையில் இருக்கும் புதையல்

ஒவ்வொரு பிரிவின் அடியிலும் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு வரலாறு இருக்கும்: தொகுதி எண், எஃப்.ஆர்., பக்கம், தேதி. 80 எஃப்.ஆர். 10284 என்றால் ஃபெடரல் ரிஜிஸ்டரின் 80-ஆம் தொகுதி, பக்கம் 10284. தொகுதி எண்ணோடு 1935-ஐக் கூட்டினால் ஆண்டு வந்துவிடும். 80 என்றால் 2015. பக்க எண் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒன்றிலிருந்து தொடங்கும். 10284 என்ற எண்ணைப் பார்த்தாலே ஆண்டின் தொடக்க மாதங்கள் என்று ஊகிக்கலாம். அது 2015 பிப்ரவரி 25, எச்4 துணைவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி தந்த விதி.

அந்த ஆவணத்தைத் திறந்தால் கடைசிச் சில பத்திகள்தான் சி.எஃப்.ஆருக்குள் போனவை என்று தெரியும். முன்னால் உள்ள பக்கங்கள் அத்தனையும் முகவுரை. 'டேட்ஸ்' என்ற பகுதியில் நடைமுறைக்கு வரும் நாள் இருக்கும். இந்த விதிக்கு 2015 மே 26. அதற்குப் பின் பொதுமக்கள் சொன்ன கருத்துகளும், அவற்றுக்குத் துறை தந்த பதில்களும். 2014 மே மாத முன்மொழிவுக்கு ஏறக்குறைய 13,000 கருத்துகள் வந்தன. எல்லா எச்4-க்கும் ஏன் தரவில்லை, ஐ-140 (கிரீன் கார்டுக்கான முதலாளியின் மனு) அங்கீகாரம் என்ற எல்லையை ஏன் போட்டார்கள், எத்தனை பேர் விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தார்கள் (முதல் ஆண்டில் 1,79,600 பேர்வரை, பிறகு ஆண்டுக்கு 55,000 பேர் என்பது அவர்கள் மதிப்பீடு) எல்லாம் அதில் இருக்கிறது. விதியின் வாசகம் இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுத்தால், எழுதியவர்கள் எதை நினைத்து எழுதினார்கள் என்று காட்ட இதைவிட நல்ல சான்று கிடையாது. 60 நாள் விதிக்கு முகவுரை 81 எஃப்.ஆர். 82398, 2016 நவம்பர் 18. கிரேஸ் பீரியட் என்ற சொல் அங்கே தாராளமாக வரும்.

'எஃபெக்டிவ்' தேதி, 'அப்ளிகபிலிட்டி' தேதி, 'கம்ப்ளையன்ஸ்' தேதி மூன்றும் வேறு. விதி இன்று நடைமுறைக்கு வரலாம், சில விண்ணப்பங்களுக்கு மட்டும் பொருந்தலாம், நிறுவனங்கள் அதன்படி நடக்க வேண்டிய நாள் அடுத்த ஆண்டாக இருக்கலாம். முகவுரையை இந்த மூன்று சொற்களுக்காக மட்டுமாவது ஒருமுறை அலசிவிடுங்கள்.

இந்த ஏட்டுக்கே ஒரு வரலாறு உண்டு. 1930-களில் ரூஸ்வெல்ட் அரசு எண்ணெய் உற்பத்திக்கு ஒரு கட்டுப்பாட்டு நெறியை வகுத்தது. அதை மீறியதாகச் சிலர்மேல் நடவடிக்கை எடுத்து, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போன பிறகுதான் தெரிந்தது, இடையில் வந்த ஒரு திருத்த ஆணையில் அந்தக் குறிப்பிட்ட வாசகமே கைதவறி நீங்கியிருந்தது என்று. இல்லாத விதியை மீறியதாக வழக்கு நடந்திருக்கிறது. அரசுத் தரப்புக்கும் தெரியவில்லை. பனாமா ரிஃபைனிங் வழக்கு, 1935. அதே ஆண்டு சட்டம் வந்தது, 1936 மார்ச்சில் ஃபெடரல் ரிஜிஸ்டரின் முதல் இதழ் வந்தது. அதன் மறுபக்கம் 1947-இல் தெரிந்தது. ஐடஹோவில் கோதுமை விதைத்த மெர்ரில் என்ற விவசாயி, மறு விதைப்பு என்று சொல்லியே பயிர்க் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தார். உள்ளூர் அலுவலர்கள் சரி என்றார்கள். வறட்சியில் பயிர் போனது. மறு விதைப்புக்குக் காப்பீடு கிடையாது என்று ஃபெடரல் ரிஜிஸ்டரில் விதி இருந்தது. படித்தாரோ இல்லையோ, ஏட்டில் வந்தால் எல்லாருக்கும் தெரிந்ததாகவே கொள்ளப்படும் என்று 5-க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'ஆபீஸில் கேட்டேன், பரவாயில்லை என்றார்கள்' என்ற வாதம் இன்றும் எடுபடாது.

எப்படிப் பிறந்தது என்று பாருங்கள்

1946-இன் நிர்வாக நடைமுறைச் சட்டத்தில், யு.எஸ். கோட் தலைப்பு 5, பிரிவு 553 சொல்லும் வழக்கமான பாதை இது: முன்மொழிவை வெளியிடு, கருத்துக் கேள், வந்த முக்கியமான கருத்துகளுக்குப் பதில் சொல், இறுதி விதியை வெளியிட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து அமலாக்கு. 'நியாயமான காரணம்' இருந்தால் இதைத் தாண்டலாம். ஆவணத்தின் 'ஆக்ஷன்' வரியில் 'இன்டரிம் ஃபைனல் ரூல்' என்று இருந்தால், பெரும்பாலும் கருத்துக் கேட்காமலே அமலாக்கப்பட்ட விதி என்று பொருள். அது வழக்குக்கு வாசல் திறந்து வைத்த விதி.

2008 ஏப்ரலில் எஃப்1 மாணவர்களுக்கு ஸ்டெம் ஓ.பி.டி. (அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகள் படிப்புக்குப் பின் வேலை பார்க்கும் அனுமதி) 17 மாத நீட்டிப்பு இப்படித்தான் வந்தது. ஏழு ஆண்டுகள் ஓடியது. 2015 ஆகஸ்டில் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம், கருத்துக் கேட்காமல் விட்டதற்குச் சொன்ன அவசரக் காரணம் போதாது என்று அதை ரத்து செய்தது. மாணவர்கள் திடீரென்று தெருவில் நிற்கக் கூடாது என்று ரத்தை மட்டும் தள்ளிவைத்தது. துறை முறைப்படி கருத்துக் கேட்டு, 2016 மார்ச்சில் 24 மாத நீட்டிப்பை வெளியிட்டது. 2020 அக்டோபரில் எச்1பி-யை இறுக்க இரண்டு துறைகள் தனித்தனியே கொண்டுவந்த இன்டரிம் விதிகளும் அதே ஆண்டு டிசம்பரில் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் விழுந்தன, அதே காரணத்துக்காக.

சி.எஃப்.ஆர். வாசகத்தில் இந்த ரத்தெல்லாம் உடனே தெரியாது. துறை ஃபெடரல் ரிஜிஸ்டரில் ஓர் ஆவணம் வெளியிட்டு நீக்கும்வரை செத்த விதி ஈ.சி.எஃப்.ஆரில் உயிரோடு இருப்பதுபோலவே நிற்கும். அதனால் ஒவ்வொரு விதித் திட்டத்துக்கும் தரப்படும் அடையாள எண்ணான ஆர்.ஐ.என். எண்ணை எடுத்து ஃபெடரல் ரிஜிஸ்டரில் தேடி, பின்னால் வந்த ஆவணங்கள் எல்லாவற்றையும் பாருங்கள். விதியின் எஃப்.ஆர். மேற்கோளை கோர்ட்லிஸ்னர் தளத்தில் தேடி வழக்குகளைப் பாருங்கள். இரண்டும் இலவசம். தீர்ப்பு கிடைத்தால் அது விதியையே ரத்து செய்கிறதா, அல்லது வழக்குப் போட்டவர்களுக்கு மட்டும் தடை தருகிறதா என்று கடைசிப் பக்கத்தில் உள்ள உத்தரவைப் படியுங்கள். 2025 ஜூனில் நாடு தழுவிய தடையாணைகளை உச்ச நீதிமன்றம் சுருக்கிய பிறகு இந்த வேறுபாடு முன்பைவிட முக்கியம்.

துறை சொல்லும் விளக்கத்துக்கு நீதிமன்றம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற 1984-இன் செவ்ரான் கொள்கை 2024 ஜூன் 28 அன்று லோப்பர் பிரைட் தீர்ப்போடு போய்விட்டது. உடனே எல்லா விதிகளும் சரிந்துவிடும் என்று பேசியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். எச்4 விதியையே எடுத்துக்கொள்ளுங்கள்: சில வாரங்களில், 2024 ஆகஸ்ட் 2 அன்று, வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்க மறுத்தது. ஆனாலும் 2024-க்கு முந்திய தீர்ப்பு ஒன்றை மேற்கோள் காட்டும்முன், அது செவ்ரான் மேல் சாய்ந்து நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சி.எஃப்.ஆருக்கு வெளியே இருப்பவை

தலைப்பு 8-ஐ வரிக்கு வரி படித்தாலும் 2025 செப்டம்பர் 19 அன்று கையெழுத்தான எச்1பி-க்கான ஒரு லட்சம் டாலர் கட்டணம் அதில் இருக்காது. அது அதிபரின் பிரகடனம். ஃபெடரல் ரிஜிஸ்டரில் அதிபர் ஆவணங்கள் என்ற பகுதியில் வரும், ஆண்டுத் தொகுப்பில் தலைப்பு 3-க்குப் போகும். வெளிநாட்டிலிருந்து உள்ளே வருவது பற்றிய எந்தக் கேள்விக்கும் அந்தப் பகுதியைத் தனியாகத் தேடியே ஆக வேண்டும்.

படிவத்தின் குறிப்புரைகளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 8 சி.எஃப்.ஆர். 103.2(ஏ)(1) அந்தக் குறிப்புரைகளை விதியின் பகுதியாகவே ஆக்கிவிடுகிறது. பழைய பதிப்புப் படிவத்தை அனுப்பி, கட்டணத்தோடு திரும்பி வருவது இதனால்தான்.

யு.எஸ்.சி.ஐ.எஸ். பாலிசி மேனுவல் சட்டம் அல்ல. ஆனால் உங்கள் கோப்பைப் பார்க்கும் அதிகாரி அதைத்தான் கையில் வைத்திருப்பார். இப்படிப்பட்ட விளக்கங்களைக் கருத்துக் கேட்காமலே மாற்றலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே அன்றைய பக்கத்தைத் தேதியோடு பி.டி.எஃப். ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டு அலுவலகமான ஏ.ஏ.ஓ.வின் முடிவுகளில் முன்னுதாரணமாக அறிவிக்கப்பட்டவை மட்டுமே அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும். மற்ற ஆயிரக்கணக்கானவை துறையின் போக்கைத் தெரிந்துகொள்ள உதவும், அவ்வளவே. வேலை இடம் எல்.சி.ஏ. எல்லைக்கு வெளியே மாறினால் திருத்த மனு வேண்டும் என்ற 2015-இன் சிமியோ முடிவு முன்னுதாரண வகை. 2024 டிசம்பர் 18-இல் வெளியான எச்1பி திருத்த விதி அதை விதிக்குள்ளேயே எழுதிவிட்டது. இப்போது சிமியோவை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர், பழைய குறிப்பிலிருந்து நகலெடுக்கிறார் என்று தெரிந்துவிடும்.

வரப்போவதைப் பார்ப்பது

'எச்4 இ.ஏ.டி.யை (வேலை அனுமதி அட்டையை) எடுக்கப் போகிறார்களாம்' வகைச் செய்திகளுக்கு எங்கே பார்ப்பது? ரெஜ்இன்ஃபோ தளத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை வரும், துறைகளின் விதித் திட்டங்களின் பட்டியலான யுனிஃபைட் அஜெண்டாவில். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஓர் ஆர்.ஐ.என். உண்டு, 1615 என்று தொடங்கினால் யு.எஸ்.சி.ஐ.எஸ். அதில் போட்டிருக்கும் மாதத்தை நம்பிப் பயண டிக்கெட் எடுக்காதீர்கள். எச்4 அனுமதியை நீக்கும் திட்டம் 2017 இலையுதிர் காலத்திலிருந்து அந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வந்தது. 2019 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையின் ஓ.ஐ.ஆர்.ஏ. அலுவலகத்துக்குப் பரிசீலனைக்கும் போனது; முன்மொழிவாகக்கூட வெளிவராமல் 2021 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. பட்டியலில் இருப்பது எண்ணம். ஓ.ஐ.ஆர்.ஏ.வுக்குப் போயிருந்தால்தான் எழுதி முடித்த வரைவு என்று கொள்ளலாம். அங்கே பரிசீலனை முடிந்தது என்று காட்டினால் அதன்பிறகு ஃபெடரல் ரிஜிஸ்டரைத் தினமும் பாருங்கள்.

தினமும் என்றால் வேலை நாள் காலை 8:45, கிழக்கு நேரம். மறுநாள் அச்சேறப்போகும் ஆவணங்கள் 'பப்ளிக் இன்ஸ்பெக்‌ஷன்' பக்கத்தில் அப்போதே ஏறிவிடும்; அந்தத் தாக்கலே சட்டப்படி அறிவிப்பாகவும் கொள்ளப்படும். பக்க எண் இன்னும் இருக்காது, அதனால் மேற்கோள் காட்ட மறுநாள்வரை பொறுக்க வேண்டும். யு.எஸ்.சி.ஐ.எஸ். ஆவணங்களுக்கு மட்டும் மின்னஞ்சல் எச்சரிக்கை போட்டுக்கொள்ளலாம், காசு கிடையாது.

முன்மொழிவு வந்து, கருத்து எழுத நினைத்தால் ரெகுலேஷன்ஸ்.கவ் தளத்தில் அதன் டாக்கெட் எண்ணைத் தேடிப் போங்கள். ஒரே மாதிரியான ஆயிரம் கடிதங்களைத் துறை ஒரே பத்தியில் பதில் சொல்லித் தள்ளிவிடும். எந்தப் பத்தியின் எந்த வாசகம், உங்கள் நிலையில் அது தரும் விளைவு என்ன, அதற்கு மாற்றாக என்ன வாசகம் வேண்டும், செலவு எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதினால் அதற்குத் தனியாகப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் வரும். சொல்லாமல் விட்டால் பின்னால் வழக்கு நடத்துகிறவருக்கு அதுவே ஆயுதம். பாஸ்போர்ட் எண், ஏ-நம்பர், ரசீது எண் எதையும் அதில் போடாதீர்கள். அனுப்பிய கருத்து பெயரோடு உலகம் முழுவதும் படிக்கும்படி அங்கேயே கிடக்கும்.